நரி கவ்விய கோழியின் மூன்றாம் நாள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நடால் மாகாணத்தில், ஹோவிக்குக்குப் பக்கத்தில் சிறு நிலத்தோடு கூடிய வீட்டில் வசிக்கிறோம். குஞ்சாக வாங்கி என் மகள் வளர்த்த கோழி, பெயர் புள்ளி. திங்கட்கிழமை மாலை விளக்கேற்றும் நேரத்தில் நரி வந்து அதைக் கவ்விவிட்டது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கத்தியபடி ஓடினேன், போட்டுவிட்டு ஓடிவிட்டது. கோழியைத் தூக்கியபோது அது உதறியதில் என் கையெல்லாம் கீறல். அதன் முதுகில் நீளமான கிழிசல். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினேன். ஓர் இறக்கை தொங்குகிறது. சரியாகத் தின்னவில்லை. அழைத்தால் கண்ணைத் திறக்கிறது, தள்ளாடித் தள்ளாடி நிற்கிறது. இன்று மூன்றாம் நாள், காயத்தைச் சுற்றித் தோல் பச்சைப் பசேலென்று இருக்கிறது. அழுகிவிட்டது, இனிப் பிழைக்காது என்கிறார் பெரியப்பா. “புரட்டாசியும் முடிந்துவிட்டது, துடிக்கவிடாமல் அறுத்துவிடு” என்கிறார். மகள் அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, கடிதம் கிடைத்த அன்றே அவசரமான நான்கு வரிகளை உங்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். கோழி வளர்க்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கோழியைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் கை. நரியின் எச்சில் ஊறிய கோழியைக் கீறல் பட்ட கையால் தூக்கியிருக்கிறீர்கள். குவாசுலு நடாலில் ரேபிஸ் பல ஆண்டுகளாக இருந்துவரும் நோய். பெரும்பாலும் நாய்களிடம்தான் காண்கிறோம் என்றாலும் நரிக்கும் அது வரும். கோழிக்கு ரேபிஸ் வந்து அது உங்களுக்குத் தொற்றும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதன் இறகில் ஒட்டியிருந்த ஈர எச்சில்தான் பிரச்சினை. சத்தம் கேட்டதும் நரி ஓடிவிட்டது நல்ல அறிகுறி. மனிதரைக் கண்டு அஞ்சாமல் நிற்கிற நரிதான் அதிகச் சந்தேகத்துக்குரியது. ஆனால் அறிகுறியை நம்பி விட்டுவிடுகிற நோயல்ல இது. நோய் வெளிப்பட்டுவிட்டால் சிகிச்சையே கிடையாது. கீறல் பட்ட உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவியிருக்க வேண்டும். மூன்று நாளாகிவிட்டது என்று தயங்காமல் இன்றே கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள்; தடுப்பூசி தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் இந்த ஊசி போடுவது இந்நாட்டில் சட்டப்படி கட்டாயம் என்பதையும் இந்த இடத்தில் நினைவூட்டிவிடுகிறேன்.

இனி அந்தப் பச்சை நிறம். உங்கள் பெரியப்பா மீது தவறில்லை. நாற்பது வருடம் கோழி வளர்த்தவர்கள்கூட இதைக் கண்டு கத்தியைத் தேடியிருக்கிறார்கள். நமக்கு அடிபட்டால் தோல் முதலில் நீலமாகி, பிறகு பச்சையாகி, கடைசியில் மஞ்சளாகி மறையும். தோலுக்கடியில் கசிந்த இரத்தம் சிதையும்போது முதலில் பச்சை நிறப் பொருளாகவும் பிறகு மஞ்சள் நிறப் பொருளாகவும் மாறுவதால் அப்படி நடக்கிறது. பச்சையை மஞ்சளாக்கும் நொதி கோழிக்குக் கிடையாது. அதனால் அதன் கன்றிப்போன இடம் இரண்டாம் மூன்றாம் நாளில் வெற்றிலை போலப் பச்சையாகும். ஒரு வாரம் பத்து நாளில் தானாக வெளுத்துவிடும். நீங்கள் பார்ப்பது கன்றிய தோல், அழுகல் அல்ல. அழுகல் வேறு மாதிரி இருக்கும்: தோல் கறுத்து, தொட்டால் சில்லென்று, தோல்பட்டை போல விறைத்திருக்கும், நாற்றம் வரும். உங்கள் கடிதத்தில் நாற்றம் என்ற சொல்லே இல்லை. மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் எந்தக் கருவியும் இதைவிடச் சீக்கிரம் உண்மையைச் சொல்லாது.

நரியா, குள்ளநரியா என்பதையும் கேட்கிறவர்கள் உண்டு. பிள்ளைகள் ஆங்கிலக் கதைப்புத்தகத்தில் பார்க்கிற செந்நரி தென்னாப்பிரிக்காவில் கிடையாது. இங்குள்ள கேப் நரி மூன்று கிலோ எடைகூடத் தேறாத சிறு பிராணி. நாட்டின் வறண்ட பகுதிகளில் எலியும் பூச்சியும் தின்று வாழ்வது. உங்கள் ஹோவிக் இருக்கும் மிட்லண்ட்ஸ் பகுதியில் கோழிக்கு வருவது கருமுதுகு நரி. சூலு மொழியில் இம்புங்குஷே. முதுகில் சேணம் போட்டது போலக் கறுப்பும் வெள்ளையும் கலந்த பட்டையும், செம்பழுப்பு விலாவும் இருந்திருந்தால் அதுதான். எதுவாயினும் மருத்துவம் ஒன்றே, ஏனெனில் எல்லாவற்றுக்கும் பல் ஒரே மாதிரி: நீளமான நான்கு கோரைப்பற்கள்.

அந்தக் கோரைப்பற்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முதுகில் உள்ள கிழிசல் கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும், ஆனால் கோழியின் தோல் மெலிது. காகிதம் போலக் கிழியும், அதே வேகத்தில் கூடியும்விடும். உள்ளங்கை அகலத் தோல் போன கோழி ஆறு வாரத்தில் மண்ணைக் கிளறுவதைப் பார்த்திருக்கிறேன். மாறாக, இறகுக்கடியில் மிளகளவு துளை ஒன்று இருக்கும், இரத்தமே வந்திருக்காது, அதன் வழியாகப் பல் உள்ளே இறங்கி, வாயிலிருந்த கிருமிகளை ஆழத்தில் விட்டுவந்திருக்கும். ஒரு பக்கம் கிழிசல் என்றால் எதிர்ப்பக்கத்தில் கீழ்த்தாடையின் பல் பதிந்த துளை நிச்சயம் இருக்கும். புள்ளி, கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக உள்ள பொட்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக் இனம் என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 1950-களில் நம் நாட்டிலேயே உருவாக்கிய நல்ல உரமான இனம். ஆனால் அந்த வரி இறகில் இரத்தக்கறை கண்ணுக்கே படாது. ஆகவே கண்ணால் தேடாதீர்கள், விரலால் தேடுங்கள். ஒருவர் கோழியைத் துணியில் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் இறகை எதிர்த்திசையில் ஊதி விலக்கி, கழுத்து, இரு இறக்கைகளின் அடி, மார்பு, தொடை, எச்சத் துவாரத்தைச் சுற்றி என்று அங்குலம் அங்குலமாகத் தடவ வேண்டும். இறகு ஓரிடத்தில் பிசின் போல ஒட்டியிருந்தால் அதற்கடியில் துளை இருக்கிறது. பிடிக்கும்போது மார்பை இறுக்காதீர்கள். கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதில்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும்.

தேடும்போது இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் மேலே படிக்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் போக வண்டியை எடுங்கள். துளையிலிருந்து மூச்சோடு சேர்ந்து நுரை வருவது. தோலுக்கடியில் பலூன் போலக் காற்று நிரம்பி, அழுத்தினால் நறநறப்பது. குடலோ முட்டைக்கருவின் வாடையோ வெளியே தெரிவது. முதலிரண்டும் நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பை கிழிந்ததற்கு அடையாளம். தோலுக்கடியில் தேங்கிய காற்றை ஊசியால் வெளியேற்றினால் பல கோழிகள் பிழைக்கின்றன. மூன்றாவதில் நம்பிக்கை குறைவு.

மஞ்சளுக்கு வருகிறேன். என் ஆயாவும் இதைத்தான் செய்திருப்பார். அவர் கோழியைக் கவிழ்த்த கூடைக்குள் அடைத்து, அதன் மேல் அம்மிக்கல்லை வைத்ததும் நினைவிருக்கிறது. கூடை வைத்தியம் அருமையானது. மஞ்சள் வைத்தியத்தைத்தான் நான் ஏற்கமாட்டேன். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. எண்ணெயோடு சேர்ந்து அது துளையின் வாயை அடைத்துவிடும். உள்ளே இருப்பது உள்ளேயே தங்கும். எண்ணெய் பட்ட இறகு உடம்புச் சூட்டைக் காக்காது என்பது இன்னொரு கெடுதல். ஆகவே பூசியதைக் கழுவி எடுத்துவிடுங்கள். அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, வெதுவெதுப்பானதும் ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு தடவை போதாது. வெளியே வரும் நீர் தெளியும் வரை. பிறகு வெறும் தேநீர் நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடினால் ஒற்றி எடுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்துவிடலாம், பிடுங்கக் கூடாது. டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் கிருமியைக் கொல்வதோடு புதிதாக வளரும் சதையையும் கொல்லும். மரத்துப்போகச் செய்யும் களிம்புகள் பறவைக்கு ஆபத்து. உங்கள் மாத்திரை டப்பாவிலிருக்கும் வலி மாத்திரையும் வேண்டாம். வலிக்கு அதற்கென்ற மருந்தைக் கால்நடை மருத்துவர்களாகிய நாங்கள் எடைக்கு ஏற்பத் தருவோம்.

இங்கே ஒரு விலக்கு உண்டு, அது புள்ளிக்குப் பொருந்தக்கூடும். தொங்குகிற இறக்கையில், தோளை ஒட்டிய மேல் எலும்பு முறிந்து அங்கே தோலும் திறந்திருந்தால், அந்தத் துளைக்குள் நீர் பீய்ச்சவே கூடாது. பறவையின் அந்த எலும்பு உள்ளே பொள்ளல், காற்றுப்பையோடு தொடர்புள்ளது. எலும்புக்குள் விட்ட நீர் மூச்சுக்குள் போய்ச் சேரும், கோழி மேசை மேலேயே மூழ்கிச் செத்துப்போகும். அத்தகைய இடத்தைச் சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தோல் திறக்கவில்லையென்றால், இறக்கையை அது இயல்பாக மடிந்திருக்கும் நிலையில் வைத்து மென்மையான பட்டித்துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டுங்கள். கட்டுக்கடியில் உங்கள் விரல் ஒன்று தாராளமாக நுழைய வேண்டும். பெரும்பாலான இறக்கைகள் முறிந்தவையல்ல, நசுங்கித் தொங்குபவை. ஒரு வாரத்தில் தூக்கத் தொடங்கிவிடும்.

ஆன்டிபயாட்டிக் தேவை, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். விலங்கின் வாயிலிருந்து வரும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் இரத்தத்தில் கலந்தால், நன்றாகத் தேறிவருகிற கோழி திடீரென்று ஒரு காலையில் செத்துக்கிடக்கும். கோ-ஆப் கடையில் டெட்ராசைக்ளின் பொடி சீட்டில்லாமலே கிடைக்கும் என்று உங்கள் பக்கத்து வீட்டார் சொல்லுவார். கால்நடை மருந்துகள் பற்றிய 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் முட்டையிடும் கோழியின் தீவனத்தில் நிறையச் சுண்ணாம்புச்சத்து உண்டு. அது இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தவிர, நோயுற்ற கோழி நீரைக் குறைவாகக் குடிக்கும்; நீரில் கலந்த மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஊசியாகவோ நேரடி வாய்மருந்தாகவோ மருத்துவரிடம் வாங்குங்கள். இன்னொன்று: கோழிக்குச் சீழ் நம்மைப் போல நீராக வடியாது. பாலாடைக்கட்டி போல, சில சமயம் சுண்ணாம்புக் கட்டி போல இறுகிவிடும். “சீழே இல்லை, ஆறிவிட்டது” என்று ஏமாந்துவிடக் கூடாது. பத்து நாள் கழித்துத் தோலுக்கடியில் கெட்டியான உருண்டை தட்டுப்பட்டால் அது சீழ்தான். அதை மருந்து கரைக்காது, கீறித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது நம் ஊரில் வெயில் ஏறுகிற காலம். நரி கொல்லாமல் விட்ட கோழியை ஈ கொல்லும். இது நான் அதிகம் கண்ட சாவு. ஈரக் காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளுக்குள் புழுவாகிவிடும். கோழியை வீட்டுக்குள், பின்கட்டிலோ சலவை அறையிலோ வையுங்கள். பெட்டியின் மேல் கொசுவலை போடுங்கள். எச்சம் பட்ட காகிதத்தை நாளைக்கு இரண்டு முறை மாற்றுங்கள். காலையும் மாலையும் காயத்தையும் எச்சத் துவாரத்தையும் விளக்கடியில் பாருங்கள். அரிசி நொய் போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அவை முட்டைகள், சீவி எடுத்துவிடுங்கள். புழு விழுந்துவிட்டால் பதற வேண்டாம், சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து உப்புநீரில் கழுவுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழைய பழக்கத்தைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

பெட்டி இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும், 27 முதல் 30 டிகிரி வரை, இருக்கட்டும். மின்வெட்டு எப்போது வரும் என்று தெரியாத நாட்டில் விளக்குச் சூட்டை நம்புவதைவிடத் துணி சுற்றிய வெந்நீர்ப் பை மேல். வைக்கோலில் விளக்கு சாய்ந்து வீடு எரிந்த கதையும் உண்டு. கோழி வாயைத் திறந்து மூச்சிரைத்து இறக்கையை அகட்டினால் சூடு அதிகம் என்று பொருள்.

தின்னவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தின்னவில்லை? இதற்குக் கண்திட்டம் உதவாது. உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: தினமும் காலையில் தீனி வைக்கும் முன் கோழியைச் சமையலறைத் தராசில் நிறுத்தி, நோட்டில் குறித்து வைக்கட்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம். அதே நேரத்தில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கட்டும். இரவு நிறைந்து, காலையில் வற்றியிருந்தால் வயிறு வேலை செய்கிறது. காலையிலும் மாவுருண்டை போல நிறைந்திருந்தால் வயிறு நின்றுவிட்டது. மேலும் மேலும் ஊட்டாதீர்கள். என்னைக் கேட்டால், பச்சைத் தோலைவிடவும் பெரியப்பாவின் அனுபவத்தைவிடவும் இந்தத் தீனிப்பைதான் புள்ளி பிழைக்குமா என்பதைச் சொல்லும்.

முதல் இரண்டு நாளுக்குக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கில் கொடுக்கிற அதே உப்புச் சர்க்கரை நீர் போதும்: ஒரு லிட்டர் ஆறிய நீரில் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அலகைத் திறந்து ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே உறிஞ்சும். பிறகு வழக்கமான தீவனத்தை வெந்நீரில் குழைத்து, அவித்த முட்டையைப் பிசைந்து சேர்த்துக் கொடுங்கள். இறகு என்பதே புரதம், போனதை வளர்க்கப் புரதம்தான் வேண்டும். முட்டையைக் கோழிக்கே கொடுப்பதா என்று முகம் சுளிக்காதீர்கள், அதற்கு அந்தக் கூச்சமில்லை. சோளமாவுப் புட்டுக் கொஞ்சம் பரவாயில்லை. நேற்றைய குழம்புச்சோறு வேண்டாம், உப்பு அதிகம். தோட்டத்தில் விழுந்து கிடக்கும் அவகாடோ கண்டிப்பாக வேண்டாம். பறவைகளுக்கு அது விஷம்.

தேறியதும் நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். கோழிகளுக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தோன்றும். திறந்த காயம் இருந்தால் நரி தொடங்கியதைத் தோழிகள் முடித்துவிடுவார்கள். பொருக்கு விழுந்து தோல் மூடும் வரை தனியே; ஆனால் கம்பிவலைக்கு அப்பாலிருந்து ஒருவரையொருவர் பார்க்கும்படி. இரண்டு வாரம் கண்ணில் படாத கோழி அவர்களுக்கு அந்நியர். சாதுவான ஒரு கோழியை முதலில் துணைக்கு விட்டு, பிறகு ஒரு மாலை இருட்டியபின் பரணில் ஏற்றிவிடுங்கள். பிடுங்கப்பட்ட இறகு ஆறு எட்டு வாரத்தில் முளைக்கும். பாதியில் முறிந்தது அடுத்த இறகுதிர் காலம் வரை அப்படியே நிற்கும். முட்டை சில வாரம் நிற்கலாம், முதலில் ஓடில்லாத தோல்முட்டை வரலாம்.

நரி திரும்பி வரும், சந்தேகமே வேண்டாம். ஜூலை முதல் அக்டோபர் வரை இங்கே அவை குட்டி போடும் காலம். இப்போது குகையில் வாய்கள் காத்திருக்கின்றன. அறுகோண ஓட்டையுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நரியை வெளியே வைக்காது. விரல் நுழையாத ஓட்டையுள்ள, பற்றவைத்த கம்பிவலையைப் போடுங்கள். அதுவே கீரியையும் தடுக்கும். சுவரடியில் ஒரு முழம் அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து மண்ணால் மூடிவிட்டால் தோண்ட முடியாது. விளக்கேற்றும் நேரத்துக்கு அரைமணி முன்பே கதவைத் தாழிடுங்கள். விஷம் வைக்காதீர்கள்; அதைத் தின்னப்போவது பக்கத்து வீட்டு நாயும் ஆந்தையும்.

அறுப்பது பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு கால்களிலும் விரலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்ளவில்லை, தலையைத் தூக்கவில்லை, மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் எதையும் தொடவில்லை என்றால் நானே மருந்து கொடுத்து உறங்கவைத்துவிடுவேன்; மகளிடமும் அதை மறைக்காதீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, அழைத்தால் கண்ணைத் திறக்கிற, தள்ளாடித் தள்ளாடியாவது நிற்கிற ஒரு கோழியைப் பற்றி. அதற்குப் பத்து நாள் கொடுங்கள். பெரியப்பா மறுபடி குழம்புப் பேச்சை எடுத்தால், ஆன்டிபயாட்டிக் போட்ட கோழியின் முட்டையையும் கறியையும் மருத்துவர் சொல்லும் நாள்வரை யாரும் தொடக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்தக் கெடு முடிவதற்குள் புள்ளி ஓடத் தொடங்கியிருக்கும். அப்போது அதைப் பிடிப்பது அவர் பாடு.